வயதைப் பார்த்து வாங்காதீர்கள்

சிங்கிள் மால்ட் (ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியான மால்ட்டில் மட்டும் வடித்தது) மட்டும்தான் விஸ்கி, அதுவும் பீப்பாயில் ஊறியது 12 வருடத்துக்குக் குறையக் கூடாது என்று விஸ்கி பற்றிய கட்டுரையில் சொல்லியிருப்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை, அதுவும் ஒரு பெக்கோடு நிறுத்திக்கொள்கிற என்னைப் போன்ற ஆளுக்கு எதற்கு அந்தச் செலவு? லேபிளில் 12 என்று போட்டிருந்தால் உள்ளே கலந்திருப்பதில் வயது குறைந்த சரக்குக்கே 12 என்று அர்த்தம், அவ்வளவுதான், ருசிக்கு அது உத்தரவாதம் இல்லை. ஸ்காட்ச், அதாவது ஸ்காட்லாந்து விஸ்கி, என்றாலே குறைந்தது 3 வருடம் ஓக் பீப்பாயில் கிடந்திருக்க வேண்டும், அதனால் வயது போடாத பிளெண்டட் (மால்ட் விஸ்கியோடு மற்ற தானிய விஸ்கியும் கலந்த) பாட்டிலைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். நிறத்தையும் நம்பாதீர்கள், கேரமல் நிறம் சேர்க்க ஸ்காட்ச் விதியிலேயே இடம் இருக்கிறது.

நான் சூடுபட்டது வேறு இடத்தில். யாரோ புகழ்ந்தார்கள் என்று ஸ்காட்லாந்தின் ஐலா தீவுச் சரக்கு ஒன்றை முழு பாட்டிலாக வாங்கி, மூடியைத் திறந்தால் ஆஸ்பத்திரி டிஞ்சர் வாசனை! மால்ட்டைப் பீட் (சதுப்பு நிலத்தில் வெட்டியெடுக்கும் எரிமண்) புகையில் உலர்த்துவதால் வருகிற வாசம் அது. சிலருக்கு அதுதான் உயிர், என் வீட்டில் மூன்று மாதம் அலமாரியில் கிடந்தது. அதனால் முதலில் சின்ன பாட்டில், இல்லையென்றால் நண்பர் வீட்டில் ஒரு வாய். இனிப்பு பிடிக்கும் என்றால் அமெரிக்க விஸ்கியான போர்பன் பாருங்கள், உள்பக்கம் கருக்கிய புது ஓக் பீப்பாயில் ஊறுவதால் வெனிலா வாசம் தூக்கலாக இருக்கும். அப்புறம், ராவாகக் குடித்தால்தான் கெத்து என்பதெல்லாம் சும்மா. ஒரு டீஸ்பூன் தண்ணீர் விட்டு மூக்கருகே கொண்டுபோய்ப் பாருங்கள், எரிச்சல் அடங்கி வாசனை தனியாக எழும். சோடா ஊற்றி நிரப்பத்தான் போகிறீர்கள் என்றால் சிங்கிள் மால்ட் தண்டச் செலவு.