மாடிச் சாவியைக் கொடுங்கள்

மண்டப மாடியில் நடந்ததை வீடியோவில் எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். பழைய ஏசியைக் கழற்ற வந்த பையன் பைப்பை லூஸ் பண்ணியதும் புஸ்ஸென்று கேஸ் அத்தனையும் வெளியே போனது. தடுக்கப் போனதற்கு எனக்குக் கிடைத்த பட்டம் "ஓசோன் டீச்சர்". சரி, அப்படியே கூப்பிடுங்கள். கேஸைக் காற்றில் விடக்கூடாது.

அது ஆர்-22 என்ற குளிரூட்டும் வாயு. அதில் குளோரின் இருக்கிறது. வெளியே விட்டால் ஒரு பகுதி மெல்ல மேலே போய், வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டு உடையும். பிரிந்து வரும் ஒவ்வொரு குளோரின் அணுவும் ஆயிரக்கணக்கான ஓசோன் மூலக்கூறுகளைச் சிதைக்கும். அந்தக் கதிரைத் தடுத்து நம்மைக் காக்கும் திரைதான் ஓசோன். மொலினா, ரோலண்ட் என்ற விஞ்ஞானிகள் 1974-லேயே இந்த மாதிரி குளோரின் வாயுக்களின் ஆபத்தைச் சொன்னார்கள். 1985-ல் அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் ஓட்டை வெளியே தெரிந்த பிறகுதான் உலகம் பதறியது. 1987-ல் இந்த மாதிரி வாயுக்களைக் குறைக்க உலக நாடுகள் போட்டதுதான் மான்ட்ரியல் ஒப்பந்தம்.

"ஓட்டைதான் அடைபடுதே டீச்சர்?" அடைபடுகிறது. இந்த வாயுக்களைக் குறைத்ததால் அடைபடுகிறது! அண்டார்டிகாவில் ஓசோன் 1980-ன் நிலைக்குத் திரும்ப 2066 வாக்கில் ஆகும் என்பது ஐ.நா. மதிப்பீடு.

"பாலக்காட்டு வெயிலுக்கும் ஓசோன்தான் காரணமா?" நான் அப்படிச் சொல்லவே இல்லை. சூரியன் உச்சந்தலைக்கு நேராக வரும் ஊர் இது, புற ஊதா இங்கே எப்போதும் அதிகம். அதற்காக இருக்கிற திரையையும் கிழிக்க வேண்டுமா?

"பாவம், கூலிக்கு வந்த பையன்." என் தம்பியும் பொள்ளாச்சியில் ஏசி மெக்கானிக்தான். அவன் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஏசியை ஓடவிட்டு, ஆலன் கீயால் முதலில் சின்ன பைப்பின் வால்வை மூடுவான். உள்ளே இருக்கும் கேஸை கம்ப்ரஸர் இழுத்து அவுட்டோரில், அதாவது வெளியே இருக்கும் பெட்டியில், சேர்க்கும். அழுத்தம் காட்டும் கேஜ் முள் இறங்கியதும் பெரிய பைப்பையும் மூடி, உடனே ஏசியை நிறுத்துவான். சில நிமிட வேலை. கம்ப்ரஸர் ஓடாவிட்டால் கேஸை உறிஞ்சிச் சேமிக்கும் ரெகவரி மெஷின் வேண்டும், அது விலை அதிகம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மண்டபத்து ஏசி அன்று காலை வரை ஓடியது. அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமே இல்லை. அவனுக்குச் சொல்லிக்கொடுக்காதவர்கள் மேல்தான்.

கொழிஞ்சாம்பாறையில் உங்களில் பாதிப் பேருக்கு ஓசோன் பாடம் எடுத்தவள் நான். படம் வரைந்து என்னிடம் மார்க் வாங்கியவர்கள்தான் இன்று வீடியோவுக்குக் கீழே சிரிப்பு எமோஜி போட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு பெயராகப் படித்தேன். வலித்தது.

மண்டபத்தில் இன்னும் பழைய ஏசிகள் கழற்றாமல் இருக்கின்றன. தம்பியை வரச் சொல்லிவிட்டேன். கூலி வேண்டாம் என்கிறான். கமிட்டிக்காரர்கள் மாடிச் சாவியை மட்டும் கொடுங்கள்.