கண்ணில் பட்ட பிறகு அழுத்தினால் தாமதம்

உணவையும் விளையாட்டையும் மட்டுமே படம் எடுக்கும் ஆர்வலன் நான். பிழைப்புக்கு வேறு வேலை இருக்கிறது. விடுமுறை நாட்களிலும் மாலை நேரங்களிலும்தான் கேமரா கைக்கு வரும். ஒன்றோடொன்று ஒட்டாத இந்த இரண்டையும் ஏன் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறாய் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. தட்டில் இருப்பது அசையாது, மைதானத்தில் இருப்பது நிற்காது என்பது அவர்கள் கணக்கு. ஏழு ஆண்டுகளாக இரண்டையும் மாறி மாறி எடுத்த பிறகு என் கணக்கு வேறாக இருக்கிறது. இரண்டிலும் நல்ல படம் அமைய முதல் காரணம், எடுப்பவருக்குச் சமையலும் ஆட்டமும் எந்த அளவுக்குத் தெரியும் என்பதுதான். கேமராவும் லென்ஸும் அதற்குப் பிறகே வருகின்றன. புதிதாகத் தொடங்குகிறவர்கள் பலரும் எந்த லென்ஸ் வாங்கலாம் என்பதையே முதல் கேள்வியாக என்னிடம் கேட்பதால், இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

விளையாட்டிலிருந்து தொடங்குகிறேன். ஒன்றைக் கண்ணால் கண்டு அதற்கு விரல் அசைய மனிதருக்கு ஏறத்தாழ 0.2 நொடி ஆகிறது. வாலிபாலில் சுமாரான ஓர் அடிகூட நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் பாயும். கை பந்தில் படுவதைப் பார்த்துவிட்டு நாம் பொத்தானை அழுத்தினால், அதற்குள் பந்து 4 மீட்டர் கடந்து எதிரணியின் பக்கம் போயிருக்கும். படத்தில் மிஞ்சுவது, அடித்து முடித்துக் கீழே இறங்கும் ஆட்டக்காரரும் பந்தில்லாத வலையும்தான். முதல் ஆண்டு முழுவதும் நான் எடுத்தவற்றில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட படங்களே.

அதற்கு மருந்து பர்ஸ்ட் முறைதான் என்று அப்போது நம்பினேன். பொத்தானை அழுத்திப் பிடித்தால் நொடிக்கு 20 படம் விழும், அவற்றுள் ஒன்றாவது சரியாக இருக்காதா என்ற எண்ணம். பிறகு ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஷட்டர் வேகம், அதாவது ஒரு படத்துக்கு ஒளி உள்ளே வரும் நேரம், 1/2000 நொடி என்றால், 20 படங்களும் சேர்ந்து அந்த ஒரு நொடியில் பார்ப்பது 0.01 நொடியை மட்டுமே. மீதி 99 சதவீதம் படங்களுக்கு இடையே நழுவிப்போகிறது. டென்னிஸ் பந்து மட்டையின் நரம்புகளில் தங்கியிருப்பது சுமார் 0.005 நொடி. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 0.05 நொடி இடைவெளி இருக்கும்போது, பந்து நரம்பில் அழுந்தியிருக்கும் நிலை நமக்குக் கிடைப்பது பத்தில் ஒரு முறைதான். அந்தக் கணக்கைப் பார்த்த பிறகு, கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்திப் பிடிக்கும் பழக்கத்தின் மேல் எனக்கிருந்த நம்பிக்கை விட்டுப்போயிற்று.

மாற்றம் ஒரு வாலிபால் பயிற்சியாளரால் வந்தது. மாலைப் பயிற்சியின்போது ஓரமாக நின்று எடுத்துக்கொண்டிருந்த என்னிடம் வந்தவர், திரையில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, “தம்பி, நீங்க பந்தையே பாத்துக்கிட்டு இருக்கீங்க. பந்தைப் பாத்தா லேட்டாயிடும். தூக்கிக் குடுக்கிறவரோட தோளைப் பாருங்க” என்றார். அன்று கேமராவைப் பையில் வைத்துவிட்டு, அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டரின் தோளை மட்டும் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தனக்கு முன்னால் இருப்பவருக்குக் கொடுக்கும்போது ஒருவிதமாகவும், பின்னால் இருப்பவருக்குக் கொடுக்கும்போது முதுகு சற்றே வளைந்து இன்னொரு விதமாகவும் அவர் உடல் அமைந்தது. பந்து விரல்களைத் தொடுவதற்கு முன்பே அந்த வேறுபாடு தெரிந்துவிடுகிறது. அடிப்பவர் ஓடிவருவதிலும் ஒரு தாளம் இருக்கிறது. கடைசி இரண்டு அடிகள் நீண்டும் வேகமாகவும் விழும், இரண்டு கைகளும் பின்னுக்குப் போய் முன்னால் வரும். அந்தக் கைகள் மேலே ஏறத் தொடங்கும்போதே விரலும் இறங்கத் தொடங்கினால்தான், உள்ளங்கை பந்தில் பதியும் நிலை படத்துக்குள் வரும். இரண்டு வாரம் கழித்து அப்படி ஒரு படம் கிடைத்தது. உள்ளங்கையின் அழுத்தத்தில் பந்தின் ஒரு பக்கம் தட்டையாகியிருக்கிறது, விரல்கள் பின்னுக்கு வளைந்திருக்கின்றன, முன்கையிலிருந்து தெறித்த மூன்று வியர்வைத் துளிகள் காற்றில் நிற்கின்றன. என் கேமராவும் லென்ஸும் அந்த இரண்டு வாரத்தில் மாறிவிடவில்லை.

அறிவு என்று நான் சொல்வதில் ஆட்டத்தின் இயற்பியலும் சேரும். உள்ளரங்கில் வெளிச்சம் குறைவு. ஷட்டர் வேகத்தை 1/1000 நொடிக்கு வைத்தால், லென்ஸின் திறப்பான அபெர்ச்சரை எஃப் 2.8 வரை (எஃப் எண் குறையக் குறையத் திறப்பு பெரிதாகும்) அகலமாக்கினாலும்கூட, கேமராவின் ஒளியுணர்திறனான ஐ.எஸ்.ஓ.வை 6400 வரை ஏற்ற வேண்டியிருக்கிறது, அந்த அளவில் படம் மணல் தூவியது போல் ஆகிவிடுகிறது. ஆனால் மேலே குதிக்கும் உடல் உச்சியில் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. உச்சிக்கு 0.1 நொடி முன்பிருந்து 0.1 நொடி பின்பு வரை, உடல் மேலும் கீழுமாக நகர்வது 5 சென்டிமீட்டர் அளவுக்குத்தான். அந்த நிலையைக் குறிவைத்தால் 1/400 நொடியே போதும், ஐ.எஸ்.ஓ. பாதிக்கும் கீழே இறங்கிவிடும். வீசும் கை சற்றுக் கலங்கலாம். முகம் தெளிவாக இருக்கும்போது அந்தக் கலக்கம் எனக்குக் குறையாகத் தோன்றுவதில்லை, வேகத்தைக் காட்டுவதற்கு அது வேண்டியதாகவும் இருக்கிறது.

அறியாமையால் ஒரு போட்டியையே இழந்ததும் உண்டு. ஓர் உள்ளரங்கில் இறுதி ஆட்டத்தை எடுத்துவிட்டு வீட்டில் வந்து பார்த்தால், அடுத்தடுத்த படங்கள் ஒன்று வெளிச்சமாகவும் அடுத்தது பழுப்பேறியும் இருந்தன. சிலவற்றில் ஒரே படத்தின் மேல் பாதி ஒரு நிறம், கீழ்ப் பாதி வேறு நிறம். கேமரா பழுதாகிவிட்டதென்றே நினைத்தேன். காரணம் விளக்குகள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அங்கிருந்த வகை விளக்குகள் நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகின்றன. கண்ணுக்கு அது தெரிவதில்லை; 1/1000 நொடி மட்டுமே திறந்திருக்கும் ஷட்டரோ, அந்த ஏற்ற இறக்கத்தின் ஒரு துண்டை மட்டும் பார்க்கிறது. இப்போது வரும் பல கேமராக்களில் விளக்கு உச்சத்தில் இருக்கும்போது மட்டும் ஷட்டரைத் திறக்கும் வசதி இருக்கிறது. என் கேமராவிலும் அது இருந்தது, அன்று நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

இனி உணவு. உணவு அசையாது என்பவர்கள், சுட்ட ரொட்டியின் மேல் வைத்த வெண்ணெய்த் துண்டை ஒரு முறை நெருங்கிப் பார்க்க வேண்டும். முதலில் நான்கு மூலைகளும் மழுங்குகின்றன. பிறகு மேற்பரப்பில் ஒரு பளபளப்பு வருகிறது, அடியில் பொன்னிறமாக ஒரு கோடு படர்கிறது, துண்டு ஒரு பக்கமாகச் சாய்கிறது. கட்டியின் வடிவமும் மாறாமல், உருகலும் தெரியும்படி இருக்கும் நிலை என் அனுபவத்தில் அரை நிமிடத்துக்கு மேல் நீடித்ததில்லை. அது போன பிறகு ரொட்டியில் ஈரமான ஒரு கறைதான் மிஞ்சும். நறுக்கிய ஆப்பிளின் சதையில் உள்ள நொதி காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்ததும் பழுப்பேறத் தொடங்குகிறது. எலுமிச்சைச் சாறு தடவினால் சற்றுத் தள்ளிப்போடலாம். வெள்ளரியில் உப்பைத் தூவினால் சில நிமிடங்களில் நீர் விட்டுத் தட்டின் அடியில் தேங்கிவிடும். காப்பியின் நுரையில் சிறு குமிழ்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி உடைந்துகொண்டே இருக்கின்றன. இவை எல்லாமே ஓட்டப் பந்தயங்கள்தான், வேகம் மட்டும் வேறு.

இதை எனக்குக் கற்றுத்தந்தவர் என் அக்கா. தொடக்கத்தில் அவர் சமைத்து முடித்ததைக் கொண்டுவந்து மேசையில் வைத்த பிறகுதான் கேமரா முக்காலியை விரிப்பேன், திரைச்சீலையை இழுப்பேன், கோணம் தேடுவேன். எல்லாம் சரியாவதற்குள் சூப்பின் மேல் எண்ணெய் ஆடை போல் படிந்துவிடும், மேலே தூவிய தழை கறுத்துச் சுருண்டுவிடும். ஒருநாள் அவர் பொறுமையிழந்து, “நீ முதல்ல ரெடியாகுடா, ரெடின்னு சொன்னப்புறம்தான் நான் அடுப்புலேருந்து இறக்குவேன். தழையை நீ அழுத்தப் போற நேரத்துல தூவுறேன்” என்று சொல்லிவிட்டார். அன்று முதல் அதே அளவுள்ள ஒரு கிண்ணத்தில் வெந்நீரை ஊற்றி மேசையில் வைத்து, வெளிச்சம், கோணம், ஃபோகஸ் எல்லாவற்றையும் அதை வைத்தே முடித்துக்கொள்கிறேன். உண்மையான கிண்ணம் வந்ததும் மாற்றி வைத்துச் சில படங்கள் எடுப்பேன், அவ்வளவுதான். சாப்பிடும்போது சூப் சூடாகவும் இருக்கும்.

ஆவியைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் நான் அதிக நாட்களைச் செலவிட்டேன். முன்னாலிருந்து வெளிச்சம் விழுந்தால் ஆவி தெரியவே தெரியாது. ஜன்னல் பின்பக்கமாகவோ பக்கவாட்டில் பின்னாலோ இருந்து, அதற்குப் பின்னணி இருட்டாகவும் இருந்தால்தான் இழை இழையாகத் தெரியும். கிண்ணத்தின் விளிம்பிலிருந்து தழை வரைக்கும் தெளிவாக வேண்டுமென்று அபெர்ச்சரை எஃப் 8-க்குச் சுருக்கினால், ஷட்டர் 1/15 நொடிக்கு இறங்கி, ஆவி வெறும் மங்கலாகப் பரவிவிடுகிறது. இழை தெரிய 1/125 நொடியாவது வேண்டும். எதையாவது விட்டுக்கொடுத்தாக வேண்டும் என்பதால், எஃப் 4-க்குத் திறந்து ஐ.எஸ்.ஓ.வைக் கொஞ்சம் ஏற்றி, பின்விளிம்பு கலங்கிப்போவதை ஏற்றுக்கொள்கிறேன். அறை குளிர்ந்திருந்தால் ஆவி நன்றாகத் திரளும். அதனால் என் சூப் படங்கள் எல்லாமே விடிகாலையில் எடுத்தவை. அந்த நேரத்தில் கூரை விளக்கை அணைத்துவிட வேண்டும். ஜன்னல் வெளிச்சமும் மஞ்சள் விளக்கும் கலந்தால், கிண்ணத்தின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் வரும், எந்தத் திருத்தத்தாலும் இரண்டையும் ஒருங்கே சரிசெய்ய முடியாது.

விளம்பரப் படங்களில் பாலுக்குப் பதிலாகப் பசையை ஊற்றுவதும், இறைச்சிக்குச் சாயம் தடவுவதும் பரவலாக அறியப்பட்டவை. சூப் விளம்பரம் ஒன்றில், காய்கறித் துண்டுகள் மேலே தெரிய வேண்டுமென்று கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிகளைப் போட்டிருந்ததற்காக, அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 1970-ல் அந்த நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது. சூடான விளக்குகளுக்குக் கீழே பல மணி நேரம் ஒரே தட்டை வைத்திருக்க வேண்டிய தொழில்முறைக் கலைஞர்களின் நெருக்கடி எனக்குப் புரிகிறது. பொழுதுபோக்காக எடுக்கும் நமக்கு அந்த நெருக்கடி கிடையாது. எந்த நிமிடத்தில் எது அழகாக இருக்கும் என்று தெரிந்து, அந்த நிமிடத்துக்குத் தயாராக இருந்தால், பசைக்கும் கோலிக்கும் வேலையே இல்லை. சாப்பிட முடியாத ஒன்றை உணவு என்று காட்டுவதை நான் இதுவரை செய்ததில்லை, இனியும் செய்ய மாட்டேன்.

உணவும் வேகமும் ஒரே படத்தில் சேர முடியும் என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று, மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் பேராசிரியராக இருந்த ஹரால்ட் எட்ஜர்டன் 1957-ல் எடுத்த வண்ணப்படம். சிவப்புப் பரப்பின் மேல் விழுந்த பால் துளி, கிரீடத்தைப் போல முனை முனையாக எழுந்து நிற்கும். அந்தக் கிரீடத்துக்காக அவர் 1930-களிலிருந்தே முயன்றுகொண்டிருந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் பால் துளியையே பார்த்துக்கொண்டிருந்த ஒருவரின் படம் அது.

விளையாட்டில் அதற்கு இணையாக, 1965 மே 25 அன்று அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து லூயிஸ்டனில் நடந்த குத்துச்சண்டைப் போட்டியில் ஒளிப்படக்காரர் நீல் லீஃபர் எடுத்ததை நினைத்துக்கொள்வேன். விழுந்து கிடக்கும் சானி லிஸ்டனுக்கு மேலாக நின்று முகமது அலி கையை மடக்கிக் கத்தும் படம் அது. லீஃபருக்கு அப்போது வயது 22. அவர் கையில் இருந்த ரோலிஃப்ளெக்ஸ் கேமராவில் ஒரு சுருளுக்கு 12 படங்கள்தான். ஒவ்வொரு படத்துக்கும் கைப்பிடியைச் சுழற்றியாக வேண்டும். அலியின் கால்களுக்கு நடுவே எதிர்ப்புறத்தில் தெரிகிறவர் ஹெர்ப் ஷார்ஃப்மன், அனுபவத்தில் மூத்த ஒளிப்படக்காரர். அவருக்கு அலியின் முதுகுதான் தெரிந்தது. எனவே எல்லாமே அறிவுதான் என்று நான் சொல்ல மாட்டேன், உட்கார்ந்த இடம் லீஃபருக்குச் சாதகமாக அமைந்தது. ஆனால் அந்த இடத்தில் அமர்ந்தும் அழுத்தத் தவறியிருந்தால் அந்தப் படம் நமக்குக் கிடைத்திருக்காது.

புதிய கேமராக்கள் இந்த வாதத்தைப் பொய்யாக்கிவிட்டன என்று சிலர் சொல்வதையும் நான் ஒதுக்கவில்லை. 2016-ல் வந்த ஒலிம்பஸ் இ-எம்1 மார்க் 2 போன்றவை, நாம் முழுதாக அழுத்துவதற்கு முன்பிருந்தே படங்களைச் சேர்த்துவைத்துக்கொள்கின்றன. 2023-ல் அறிவிக்கப்பட்ட சோனி ஆல்ஃபா 9 மூன்றாம் பதிப்பு நொடிக்கு 120 படம் எடுக்கிறது. முன்பு போட்ட அதே டென்னிஸ் கணக்கைப் போட்டால், பத்தில் ஒன்றாக இருந்த வாய்ப்பு பாதிக்கும் மேலாக உயர்ந்துவிடுகிறது. இது பெரிய உதவி, மறுப்பதற்கில்லை. ஆனால் எந்தப் பக்கம் நிற்பது, எந்த ஆட்டக்காரரின் மேல் லென்ஸை வைத்துக் காத்திருப்பது, பின்னணியில் விளம்பரப் பலகை வராமல் எவ்வளவு தாழ்ந்து உட்காருவது என்பதையெல்லாம் கேமரா முடிவு செய்வதில்லை. தவறான ஆளைக் குறிவைத்தால் 120 படத்திலும் தவறான ஆள்தான் இருப்பார்.

ஆகவே லென்ஸைப் பற்றிக் கேட்கிறவர்களிடம் நான் சொல்வது: கையில் இருப்பதை வைத்துக்கொண்டு, ஒரே ஆட்டத்தை, ஒரே சமையலை, சில மாதங்கள் விடாமல் எடுங்கள். விளையாட்டுக்கு எஃப் 2.8 லென்ஸ் உண்மையாகவே தேவைப்படும், அதை மறைக்கவில்லை, எஃப் 5.6-ஐவிட நான்கு மடங்கு ஒளியை அது உள்ளே விடுகிறது. ஆனால் அதை வாங்கும் நாளில், அதை எங்கே திருப்ப வேண்டும் என்பது உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கட்டும்.

அடுத்ததாக வாள்வீச்சை எடுக்க எண்ணியிருக்கிறேன். எனக்கு அதில் ஒன்றுமே தெரியாது. யார் தாக்குகிறார், யார் தடுக்கிறார் என்பதைக்கூட, வாள் பட்டதைக் காட்டும் விளக்கு எரிந்த பிறகுதான் புரிந்துகொள்கிறேன். வரும் வாரம் பயிற்சியைப் பார்க்க அனுமதி கேட்டிருக்கிறேன். முதல் இரண்டு நாள் கேமரா வீட்டிலேயே இருக்கும்.