அந்தக் காலத்து டீ, இந்தக் காலத்து ஏ

போன ஞாயிறு கொட்டகலையில் ஒரு கல்யாண வீடு. பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த மாமா ஒருவர், நான் கணக்கு வாத்தியார் என்று தெரிந்ததும், பதினோராம் வகுப்பில் எழுதுகிற சாதாரண தரச் சோதனை, அதாவது ஓ.எல். பற்றி ஆரம்பித்துவிட்டார். "என்னா சேர், இப்ப ஓ.எல். எல்லாம் ஒரு சோதனையா? எங்க பாத்தாலும் ஒம்பது ஏ! எங்க காலத்துல ஒரு டீ எடுத்தாலே தோட்டமே பேசும்." (குடிக்கிற டீ இல்லை. அன்றைய அதிவிசேட சித்தி, அதாவது சோதனையில் ஆக உயர்ந்த தேர்ச்சி. இளசுகளுக்காகச் சொல்கிறேன்.)

வாய் நிறையச் சோறு. தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன். பதிலை இங்கே எழுதுகிறேன், மாமாவுக்கு யாராவது வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் அந்த "எங்க பாத்தாலும்". 2024ஆம் ஆண்டுச் சோதனை 2025 மார்ச்சில் நடந்து, ஜூலையில் பெறுபேறு வந்தது. ஒன்பது பாடத்துக்கும் ஏ எடுத்தவர்கள் நாடு முழுக்க 13 ஆயிரத்துச் சொச்சம் பேர். நூற்றுக்கு நாலு பேர். அந்த நாலு பேரின் படத்தையும் டியூஷன்காரர்கள் பெனர் அடித்துச் சந்திக்குச் சந்தி கட்டுகிறார்கள், நாம் ஃபேஸ்புக்கில் பகிர்கிறோம். கணிதத்தில் சறுக்கியவர்கள் பத்துக்கு மூன்று பேர். அவர்களுக்கு யார் பெனர் கட்டுவது? உயர்தரம் படிக்கத் தகுதி பெற்றவர்கள் 73.45 வீதம். அதாவது நாலில் ஒரு பிள்ளை வெளியே நிற்கிறது. சோதனை லேசு என்று அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

நான் ஓ.எல். எழுதியது 1992 டிசம்பரில். அந்த வருஷத்துக் கணித வினாத்தாளை ஒரு பைலில் இன்னும் வைத்திருக்கிறேன், காரணமெல்லாம் கேட்காதீர்கள். கல்யாண வீட்டிலிருந்து வந்த இரவு அதை எடுத்து இப்போதைய தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கேத்திரகணிதம் அதே மிரட்டலோடு அப்படியே இருக்கிறது. மடக்கை அட்டவணையும் போகவில்லை. பிள்ளையின் போனில் உலகத்துக் கணக்கெல்லாம் இருந்தாலும் மண்டபத்துக்குள் கல்குலேட்டருக்கு இடமில்லை. அங்கே அது அட்டவணையைப் புரட்டித்தான் பெருக்க வேண்டும், அதன் அப்பா புரட்டிய மாதிரியே. கூடுதலாக, பங்குச்சந்தையில் பங்கு வாங்கினால் வருஷத்துக்கு எவ்வளவு பங்கிலாபம் என்று கேட்கிறார்கள். எனக்கு அப்படி ஒரு கேள்வி வந்த ஞாபகமே இல்லை. வீட்டுக்கு மதிப்பீட்டு வரி எவ்வளவு, தவணைக் கடனுக்கு வட்டி எவ்வளவு என்றும் வருகிறது. தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பராவில் இருந்து வருகிற பிள்ளை அந்த வரிக் கணக்கைக் கச்சிதமாகச் செய்யும். அதன் வீட்டுக்கு உறுதிப் பத்திரம் கிடையாது, வரித் துண்டை அது கண்ணால் கண்டதும் கிடையாது. கேட்டால், "சேர், சூத்திரம் தெரியும்" என்கிறது.

மாமா சொல்வதில் ஒரு நியாயமும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். சோதனை லேசாகவில்லை, பழகிப்போய்விட்டது. முதல் தாளில் ஏ பகுதிக்கு 25 சின்ன வினா, இரண்டாம் தாளில் 12 தந்து 10 செய்யச் சொல்வார்கள். எந்த இடத்தில் வரைபு வரும், எந்த இடத்தில் நிகழ்தகவு வரும் என்று பத்து வருஷத்துக் கடந்தகால வினாத்தாளைப் புரட்டிய பிள்ளைக்குத் தூக்கத்திலும் தெரியும். படிமுறைக்குப் புள்ளி உண்டு என்பதால் விடை வராவிட்டாலும் சூத்திரத்தையாவது எழுதிவிட்டு வா என்று நாங்களே சொல்லிக்கொடுக்கிறோம். 35 எடுத்தால் ஒரு எஸ், அதாவது சாதாரண சித்தி. இது கணக்குப் படிப்பிப்பதா, கணக்கில் தப்பிக்கப் படிப்பிப்பதா என்று சில நாள் எனக்கே வெட்கமாக இருக்கும். தமிழ்க் கட்டுரையைத் திருத்துகிறவர்களைக் கேட்டால் இன்னும் மோசமாகப் பெருமூச்சு விடுவார்கள்.

ஆனால் மாமாவின் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை. இலவசக் கல்வி 1945இல் வந்தது என்று எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. தோட்டத்துக்கு அது வரவில்லை. தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பொறுப்பெடுத்தது எழுபதுகளில்தான். ஒரே அறை, ஒரே மாஸ்டர், ஐந்தாம் வகுப்போடு சரி. அதையும் தாண்டி டவுன் ஸ்கூலுக்குப் போய் ஓ.எல். வரை நின்றது ஒரு தோட்டத்தில் எத்தனை பேர்? மாமா, உங்கள் டிவிஷனில் உங்களோடு எத்தனை பேர் எழுதினீர்கள்? ஐந்து பேரா, ஆறு பேரா? மிச்சப் பேர் பதினாலு வயதில் தோட்ட வேலைக்கு மலைக்குப் போனார்கள், இல்லாவிட்டால் கொழும்பில் கடைக்குப் போனார்கள். அவர்கள் யாரும் ஃபெயிலாகவில்லை, எழுதவே இல்லை. சலித்து எடுத்த ஐந்து பேரையும் சலிக்காமல் வருகிற ஒரு வகுப்பையும் ஒரே தராசில் வைக்கிறீர்கள்.

உயர்தரச் சோதனையான ஏ.எல். பற்றியும் இதே பேச்சு வருகிறது. அங்கே இந்தக் கேள்விக்கே அர்த்தம் இல்லை. பல்கலைக்கழகத்துக்கு எடுக்க 2001 முதல் இசட் புள்ளி. பிள்ளையின் புள்ளியில் இருந்து எல்லோருடைய சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுக்கிறார்கள். தாள் லேசாக இருந்தால் எல்லோருக்கும் ஏறும், சராசரியும் கூடவே ஏறும். பல்கலைக்கழகக் கதவு ஒரு அங்குலமும் கூட அகலாது.

இன்னொன்று. தாள்தான் பிரச்சினை என்றால் அதை எந்த ஊரில் எழுதினாலும் ஒன்றுதான். பிறகு ஏன் வெளி மாவட்டத்துப் பிள்ளைகளைக் கொண்டுவந்து நம் மலையில் பதிந்து ஏ.எல். எழுத வைக்கிறார்கள்? பல்கலைக்கழகத்துக்குள் போக வேண்டிய ஆகக் குறைந்த புள்ளி, அதாவது மாவட்ட வெட்டுப்புள்ளி, இங்கே குறைவு. நுவரெலியாவும் பதுளையும் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருக்கின்றன. கொழும்பில் எழுதினாலும் நுவரெலியாவில் எழுதினாலும் வினா ஒன்றே. இங்கே போட்டி மெலிந்திருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். நம் பிள்ளை விஞ்ஞானம் படிக்க ஆசைப்பட்டால் பக்கத்து ஸ்கூலில் அந்தப் பிரிவு இருக்காது, இருந்தால் பௌதிகவியலுக்கு ஆள் இருக்காது. ஒன்பது ஏ எடுத்த பிள்ளை, டவுனில் அறை எடுக்கக் காசில்லாமல் கலைப் பிரிவில் உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். கலை கீழான பிரிவு என்று சொல்லவில்லை. அந்தப் பிள்ளை அதைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். 2025 நவம்பரில் டித்வா புயலில் மலை சரிந்தபோது ஏ.எல். பாதியில் நின்றதே, மீதித் தாள்களுக்கு எந்த வீட்டில் இருந்து, எந்தப் புத்தகத்தை வைத்துப் படிப்பது என்று கேட்டவர்களும் நம் பிள்ளைகள்தான்.

சரி, என்னிடம் இருப்பது 1992 தாள் மட்டும். மாமாவின் காலத்துத் தாள்கள் வேண்டும். எழுபதுகளில் ஓ.எல்.லுக்குப் பதிலாகச் சில வருஷம் இருந்த என்.சி.ஜி.ஈ. எழுதினவர்கள், எண்பதுகளில் ஓ.எல். எழுதினவர்கள் யார் வீட்டுத் தகரப் பெட்டியிலாவது பழைய கணித வினாத்தாள் கிடந்தால் போட்டோ எடுத்து இன்பொக்ஸில் அனுப்புங்கள். ஓரத்தில் நீங்கள் பென்சிலால் போட்ட கணக்கு பிழையாக இருந்தாலும் பரவாயில்லை. பதினோராம் வகுப்புப் பிள்ளைகளிடம் தாளைக் கொடுத்து மூன்று மணித்தியாலம் எழுத வைத்து, திருத்தி, புள்ளியை இங்கேயே போடுகிறேன். மாமா விரும்பினால் பக்கத்து மேசையில் இந்த வருஷத்துத் தாளை எழுதலாம். போனை மட்டும் வெளியே வைத்துவிட்டு வரவேண்டும்.