பெயரைத் தட்டினால் வம்சாவளி வந்துவிடாது

"இந்த இணைப்பில் பெயரும் பிறந்த தேதியும் கொடுத்துப் பணம் கட்டினால் பத்துத் தலைமுறை வம்சாவளி உடனே வரும். இலவசமாக எங்கும் கிடைக்காது" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

முன்னோர்களின் பழைய ஆவணங்களைத் தேடிப் பார்க்க உதவும், 1999-இல் தொடங்கிய ஃபேமிலிசர்ச் (FamilySearch) இணையதளம் இலவசம்தான். கணக்கு தொடங்கி நீங்களே சரிபார்க்கலாம். பழைய ஆவணங்களைச் சிறிதாகப் படமெடுத்து வைத்த சுமார் 24 லட்சம் மைக்ரோஃபிலிம் சுருள்களை மின்னாக்கும் வேலையை அந்தத் தளத்தை நடத்துபவர்கள் 2021-இல் முடித்தார்கள். ஆனால் பல ஆவணங்கள் வெறும் படங்களாகவே இருக்கின்றன; பெயர் தேடலில் சிக்காது, பொறுமையாகப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். சிலவற்றை அவர்களுடைய மையங்களில்தான் திறக்க முடியும். அப்புறம், அங்குள்ள குடும்ப மரத்தை யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதால் மூல ஆவணத்தோடு ஒப்பிட்டே நம்புங்கள்.

அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். வீட்டில் இருப்பவர்களின் பிறந்த தேதியையும் அதில் கொடுக்க வேண்டாம்.