ஸ்னாப்புக்கு முன்னால் நடப்பதைப் பாருங்கள்

அமெரிக்கக் கால்பந்து என்றதும் நம் ஆட்கள் சொல்லும் முதல் குறை, "என்னப்பா இது, அஞ்சு செகண்டு ஓடுறான், அரை நிமிஷம் நிக்கிறான்" என்பதுதான். பந்துவீச்சாளர் ஒவ்வொரு பந்துக்கும் நடந்து திரும்பிப் போவதை ஐந்து நாள் உட்கார்ந்து பார்த்தவர்கள் இதைச் சொல்வது வேடிக்கை. அது கிடக்கட்டும். அவன் நிற்கிற அந்த நேரத்தில்தான், ஸ்னாப்புக்கு முன்னால், அதாவது பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவதற்கு முன்னால், பாதி ஆட்டம் முடிந்துவிடுகிறது என்பது என் கட்சி. அவன் நிற்கிற இடத்துக்குப் பெயர் ஸ்கிரிமேஜ் கோடு.

பந்து தரையில் கிடக்கிறது. அதன் இரண்டு முனைகளையும் தொட்டபடி மைதானத்தின் குறுக்கே இரண்டு கோடுகள் போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பந்து வைத்திருக்கும் அணிக்கு, இன்னொன்று தடுக்கும் அணிக்கு. இடையில் ஒரு பந்தின் நீளம், சுமார் 11 அங்குலம். அதற்குள் யாரும் வரக்கூடாது, பந்தை எடுத்துக் கொடுக்கும் சென்டரைத் தவிர. டிவியில் தெரியும் நீலக் கோடு கணினி வரைவது. அடுத்த முதல் டவுனுக்கு, அதாவது முயற்சிக் கணக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவதற்கு, எட்ட வேண்டிய இடத்தைக் காட்டும் மஞ்சள் கோடும் அப்படித்தான், அது 1998-இல் வந்தது. களத்தில் நிற்பவனுக்கு இரண்டுமே கிடையாது. பந்தையும், ஓரத்தில் பிடித்திருக்கும் கம்பையும் பார்த்து அவனே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும்.

விதிப் புத்தகத்தில் பாதி இந்தக் கோட்டில்தான் தொங்குகிறது. முன்னோக்கிப் பந்தை எறிவதென்றால் கோட்டுக்குப் பின்னால் இருந்துதான் எறியலாம், அதுவும் ஒரே தடவை. தாக்கும் அணியில் குறைந்தது ஏழு பேர் கோட்டில் நிற்க வேண்டும். அதில் நடுவில் நிற்கும் தடியர்கள் பாஸ் பிடிக்கக் கூடாது. ஓங்கி உதைத்த பந்து தடுக்கப்பட்டு கோட்டைத் தாண்டாமல் விழுந்தால், உதைத்தவனே எடுத்துக்கொண்டு ஓடலாம். சரி, பட்டியல் போதும்.

இந்தக் கோடு ஆட்டத்தோடு பிறந்ததில்லை. அதுவரை ரக்பி மாதிரி இரண்டு கூட்டமும் முட்டி மோதி, நடுவில் இருந்து பந்து யார் பக்கம் பிதுங்குகிறதோ அவர்களுக்கு அதிர்ஷ்டம். 1880-இல் யேல் பல்கலைக்கழகத்தின் வால்டர் கேம்ப் என்பவர் சொல்லித்தான் இது மாறியது. பந்து ஒரு அணியிடம் இருக்கும், அவர்கள் நினைத்தபோது அதைப் பின்னால் தள்ளி ஆட்டத்தைத் தொடங்குவார்கள் என்று விதி வந்தது. முதலில் காலால்தான் தள்ளினார்கள். இந்த ஒரு மாற்றத்தால்தான் திட்டம் போட்டு ஆடுவது என்பதே சாத்தியமானது. அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று ஒரு பக்கத்துக்கு மட்டும் தெரியும். மறுபக்கம் ஊகிக்க வேண்டும்.

ஆனால் கேம்ப் ஒன்றை யோசிக்கவில்லை. பந்து நம்மிடமே இருக்கும் என்றால் எதற்கு விட வேண்டும்? 1881-இல் யேலும் பிரின்ஸ்டனும் மோதியபோது ஒரு பாதி முழுக்க ஒரு அணி பந்தை வைத்துக்கொண்டது, மறுபாதி முழுக்க இன்னொரு அணி. முடிவு 0-0. காசு கொடுத்துப் பார்க்க வந்தவர்களின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். அடுத்த வருடமே மூன்று முயற்சியில் ஐந்து யார்டு போ, இல்லையென்றால் பந்தைக் கொடு என்று விதி வந்தது. ஐந்து யார்டை அளக்க மைதானம் முழுக்கக் கோடு போட்டார்கள். இன்றைக்கு இருக்கும் நான்கு டவுன், பத்து யார்டுக் கணக்கு 1912-இல்தான் முழுதாக வந்தது.

அந்த 11 அங்குல இடைவெளிக்குப் பின்னால் ரத்தம் இருக்கிறது. ஆரம்பத்தில் இரண்டு வரிசையும் மூக்கோடு மூக்கு உரச நின்றன. குத்து, கடி எல்லாம் நடக்கும், நடுவருக்குத் தெரியாது. மாணவர்கள் செத்தார்கள். 1905-இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டே ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டுப் பேசினார். 1906-இல் முன்னோக்கி எறியும் பாஸும், இரண்டு வரிசைக்கும் நடுவே பந்து நீளத்துக்கு வெற்றிடமும் விதியாக வந்தன. எல்லோரும் பாஸைப் பற்றியே பேசுவார்கள். எனக்கு அந்த வெற்றிடம் அதற்குக் குறைந்ததில்லை.

இப்போது கோட்டுக்குக் கிட்டே வாருங்கள். ஒரு கையை ஊன்றிக் குனிந்து நிற்கும் தாக்குதல் வரிசைக்காரனின் விரல்களைத் தடுப்பவன் பார்த்துக்கொண்டே இருப்பான். விரல் நுனி வெளுத்துப்போயிருந்தால் உடம்பு எடை முன்னால் இருக்கிறது, பாய்ந்து தள்ளப் போகிறான், பந்து ஓட்டமாக வரும். கை சும்மா புல்லைத் தொட்டுக்கொண்டிருந்தால் அவன் பின்வாங்கி நிற்கப் போகிறான், பாஸ். இது தெரிந்த கெட்டிக்காரன் வேண்டுமென்றே பொய் சொல்லும் கையை ஊன்றுவான். அதற்குப் பின்னால், பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக் கத்துகிறார். பெய்டன் மேனிங் "ஒமாஹா, ஒமாஹா" என்று கத்தியது உலகத்துக்கே தெரியும். இன்னொரு குவாட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸ் குரலில் ஒரு வெட்டு வெட்டுவார், எதிரி பந்து வந்துவிட்டது என்று நினைத்துக் கோட்டைத் தாண்டுவான், அந்த நொடியில் ஸ்னாப். எதிரியின் தவறுக்கு நடுவரின் கொடி விழுந்தாச்சு, இனி இழக்க ஒன்றுமில்லை என்று நீளமாக ஒரு பாஸ். பிடித்தால் லாபம், பிடிக்காவிட்டால் ஐந்து யார்டு இலவசம். நிற்கிற நேரத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்பவர்களை என்ன சொல்வது?

கோட்டின் அருமை கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் ரசிகர்களுக்குத் தெரியும். 2019 ஜனவரியில் பேட்ரியட்ஸுக்கு எதிரான அரையிறுதியில், கடைசி நிமிடத்தில் எதிரணி குவாட்டர்பேக் டாம் பிரேடியின் பாஸைப் பறித்துவிட்டார்கள். இறுதிப் போட்டியான சூப்பர் பவுலுக்குப் போகும் வாய்ப்பு கிட்டத்தட்ட கையில். ஆனால் சீஃப்ஸின் டீ ஃபோர்டு கோட்டைத் தாண்டி நின்றிருந்தார். பாஸ் பறித்தது செல்லாது. கூடுதல் நேரத்தில் 37-31 என்று தோற்றார்கள். 2023 டிசம்பரில் பஃபலோவுக்கு எதிராக அதே கதை. சீஃப்ஸின் கெல்சி பந்தைப் பிடித்துப் பக்கவாட்டில் எறிய, கடாரியஸ் டோனி ஓடிப்போய் டச்டவுன் போட்டார். பிரமாதமான ஆட்டம். டோனியின் கால் முன்னால் இருந்ததால் அதுவும் செல்லவில்லை, 20-17 தோல்வி. வழக்கமாக முன்கூட்டியே எச்சரிப்பார்கள் என்று பயிற்சியாளர் ஆண்டி ரீட் குறைப்பட்டார். எனக்கு நடுவர் பக்கம்தான் நியாயம். பந்து எங்கே கிடக்கிறது என்று குனிந்து பார்க்கச் சம்பளம் வாங்குகிறவனுக்கு எதற்கு எச்சரிக்கை?

இதே அளவுகோல்தான் டஷ் புஷ்ஷுக்கும். பிலடெல்பியா ஈகிள்ஸ் ஒரு யார்டு வேண்டுமென்றால் ஜேலன் ஹர்ட்ஸைப் பின்னால் இருந்து ஆள் வைத்துத் தள்ளும் அந்த வேலை. 1910-இல் தள்ளுவதும் இழுப்பதும் தடை செய்யப்பட்டன. தள்ளுவதற்கு 2005-இல் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். மறுபடி வழிவிட்டது. 2025 மே மாதம் கிரீன் பே அணி கொண்டுவந்த தடைத் தீர்மானத்துக்கு 24 ஓட்டு தேவை, 22 கிடைத்தது, பிழைத்துக்கொண்டது. பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்கிறார்கள். ஒரு யார்டுக்காக இரண்டு வரிசையும் கோட்டில் மோதுவது அசிங்கமென்றால் இந்த ஆட்டமே அசிங்கம்தான். தள்ளட்டும். ஆனால் ஒரு நடுவரை வெறும் பந்தை மட்டும் பார்க்க நிறுத்துங்கள். ஸ்னாப்புக்குக் கண்சிமிட்டும் நேரம் முன்னால் அசைந்தாலும் கொடி, ஐந்து யார்டு. அதற்கப்புறமும் அது இதே அளவுக்குப் பலித்தால் நான் கைதட்டுகிறேன்.