சிப்ஸ் போட்ட கையும் ஒட்டகச்சிவிங்கிக்கு அழுத கண்ணும்

"பாவம் சார், பசியோட பாக்குது. நாலு சிப்ஸ் போட்டா செத்தா போயிடும்?"

போன ஞாயிற்றுக்கிழமை மிருகக்காட்சி சாலையில், குரங்குக் கூண்டுக்கு முன்னால் ஒரு ஆள் என்னிடம் கேட்டது. அவர் எதன்மேல் சாய்ந்து நின்று கேட்டார் தெரியுமா? 'விலங்குகளுக்கு உணவு கொடுக்காதீர்கள்' என்று எழுதிய பலகையின்மேல். தமிழில் ஒரு வரி, ஆங்கிலத்தில் ஒரு வரி, படிக்கத் தெரியாதவர்களுக்குக் குறுக்குக் கோடு போட்ட ஒரு படம். இதற்கு மேல் அந்தப் பலகை என்ன செய்யும், இறங்கி வந்து கையைப் பிடிக்குமா?

ஒவ்வொன்றாக எறிந்தார். கடைசியில் பாக்கெட்டை வலை ஓட்டையில் வைத்து ஆட்டினார். குரங்கு வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு மேலே ஏறிவிட்டது. பாக்கெட்டைக் கிழித்து உட்புறத்து வெள்ளித்தாளில் ஒட்டியிருந்த மசாலாவை நக்கியது. அப்புறம் ஒரு மூலையைக் கடித்து, மென்று, விழுங்கியது. கீழே அவருடைய பெண் கைதட்டினாள். "அண்ணே, அது பிளாஸ்டிக்கைத் திங்குது" என்றேன். அவர் மனைவி முந்திக்கொண்டார்: "வாயில்லா ஜீவனுக்குப் போடறது புண்ணியம்ங்க."

புண்ணியமாம். அந்தக் குரங்குக்குப் பழம், காய் எல்லாம் எடை போட்டு, நேரம் வைத்துத்தான் கொடுக்கிறார்கள். அது பசியில் பார்க்கவில்லை. மனிதன் கை நீண்டால் ஏதோ வரும் என்று நாம்தான் அதைப் பழக்கி வைத்திருக்கிறோம். பழக்கிவிட்டு, பார்க்கிறது பாவம் என்று உருகுகிறோம்.

இன்னும் சொல்லப்போனால் இது குற்றம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972. அதன் 38ஜே பிரிவு மிருகக்காட்சி சாலை விலங்கைச் சீண்டுவது, அதற்கு உணவு போடுவது, சத்தம் போட்டுத் தொந்தரவு செய்வது, குப்பை போடுவது எல்லாவற்றையும் தடை செய்கிறது. மீறினால் சிறைக்கே அனுப்பலாம். ஆனால் நான் பார்த்தது ஒரு விசில் மட்டும்தான். அதை ஊதிக்கொண்டிருந்த காவலாளிக்கு எப்படியும் ஐம்பத்தைந்து வயது இருக்கும். இந்தப் பக்கம் ஊதினால் அந்தப் பக்கம் முறுக்கு பறக்கிறது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

முதலைக் குட்டைக்குப் போனால் அங்கே நாலு கல்லூரிப் பையன்கள். "டேய், உயிரோட இருக்கா, பொம்மையா?" என்று கேட்டுக்கொண்டே சின்னச் சின்னக் கல்லாகப் பொறுக்கி எறிகிறார்கள். துனிசியா நாட்டின் டுனிஸ் நகரத்து மிருகக்காட்சி சாலையில் 2017இல் பார்வையாளர்கள் இப்படித்தான் எறிந்தார்கள். தலையில் கல் பட்டு அந்த முதலை செத்தே போனது. இதைச் சொன்னேன். "அங்கிள், இது சும்மா ஜல்லிக் கல்லு" என்றான் ஒருவன். அங்கிளாம். அதற்கே தனியாக ஒரு பதிவு எழுதலாம்.

சரி, விடு என்று வீட்டுக்கு வந்து கால் நீட்டி உட்கார்ந்தால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒரு படம் போட்டிருக்கிறார். டென்மார்க்கின் கோபன்ஹேகன் மிருகக்காட்சி சாலையில் இருந்த ஒட்டகச்சிவிங்கி மாரியஸ். 'மனிதனைவிடக் கொடிய மிருகம் உண்டா' என்று தலைப்பு, கீழே வரிசையாக அழுகிற முகங்கள். பன்னிரண்டு வருடமாக இந்தப் படம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

நடந்தது இதுதான். 2014 பிப்ரவரி 9. மாரியஸுக்கு ஒன்றரை வயது, எந்த நோயும் கிடையாது. ஐரோப்பிய மிருகக்காட்சி சாலைகள் சேர்ந்து நடத்தும் இனப்பெருக்கத் திட்டத்தில் அதன் மரபணு ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது, மேற்கொண்டு வளர்த்தால் உறவுக்குள்ளேயே இனம் பெருகும் என்று சொல்லி மிருகக்காட்சி சாலைக்காரர்களே அதைச் சுட்டுக் கொன்றார்கள். குழந்தைகள் உட்பட வந்திருந்தவர்கள் முன்னால் அறுத்துக் காட்டி, கறியைச் சிங்கங்களுக்குப் போட்டார்கள். 27,000 பேருக்கு மேல் கொல்ல வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பெங்ட் ஹோல்ஸ்ட் என்ற அறிவியல் இயக்குநர்தான் முன்னால் நின்று பதில் சொன்னார். அங்கிருந்த ஊழியர்களுக்குக் கொலை மிரட்டல்கூட வந்தது. ஒட்டகச்சிவிங்கியைக் கொன்றதற்கு மனிதனைக் கொல்வேன் என்று மிரட்டல்!

அவர்கள் செய்தது சரி என்று வாதாட நான் வரவில்லை. இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் வனவிலங்குப் பூங்கா வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்டும் கொடுக்கவில்லை, அது எனக்கும் உறுத்துகிறது. ஆனால் இன்னொரு ஒட்டகச்சிவிங்கி இருக்கிறது. அதன் படத்தை ஒரு சித்தப்பாவும் அனுப்பி நான் பார்த்ததில்லை.

அதன் பெயர் கிளிவோன். இந்தோனேசியாவின் சுரபாயா மிருகக்காட்சி சாலையில் இருந்தது. 2012 மார்ச்சில் செத்தது. வயிற்றை அறுத்துப் பார்த்தால் பெரிய பந்து அளவுக்குத் திரண்ட பிளாஸ்டிக், ஏறக்குறைய 18 கிலோ. எல்லாம் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் தின்றுவிட்டு எறிந்த பாக்கெட் உறைகள். மாரியஸ் ஒரு நொடியில் போய்ச் சேர்ந்தது. கிளிவோன் எத்தனை வருடம் அந்தப் பாரத்தைச் சுமந்து நடந்ததோ. அதைக் கொன்றவர் யார் என்று கேட்டால் பெயர் சொல்ல ஆளில்லை. ஆளுக்கு ஒரு பாக்கெட், அவ்வளவுதான். டிக்கெட் எடுத்து, குடும்பத்தோடு வந்து, சிரித்துக்கொண்டே.

இந்த ஜனங்களுக்குச் சிங்கமும் வேண்டும், புலியும் வேண்டும். அவை என்ன சாப்பிடுகின்றன என்று மட்டும் யாரும் சொல்லக்கூடாது. 2025இல் டென்மார்க்கின் ஆல்போர்க் மிருகக்காட்சி சாலை, வைத்துக்கொள்ள முடியாத கோழி, முயல், கினிப்பன்றி, குதிரை இருந்தால் கொடுங்கள், வலியில்லாமல் கொன்று எங்கள் ஊனுண்ணிகளுக்குப் போடுகிறோம் என்று அறிவித்தது. உலகமே கொதித்தது. செல்லப்பிராணி என்றால் மனசு பதறும்தான், எனக்கும் பதறியது. ஆனால் புலிக்குப் போடுகிற மற்ற கறி எங்கிருந்து வருகிறது? மரத்திலா காய்க்கிறது?

நம் நாட்டுக் கூத்து இன்னொரு ரகம். 2017இல் உத்தரப் பிரதேசத்தில் இறைச்சிக்கூடங்களை மூடியபோது லக்னோ, கான்பூர் மிருகக்காட்சி சாலைகளில் எருமைக் கறிக்குத் தட்டுப்பாடு வந்து, சிங்கத்துக்கும் புலிக்கும் கோழிக்கறி போட்டார்கள். 2020 அக்டோபரில் அசாமின் குவாஹாட்டி மிருகக்காட்சி சாலையில் புலிக்கு மாட்டுக்கறி போடாதே என்று கறி வண்டியை மறித்தார்கள். அதற்குப் பதில் கடமானைப் போடலாமே என்று யோசனை வேறு. கடமானும் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட விலங்குதான் ஐயா! புலி என்ன, அன்னதான வரிசையிலா நிற்கிறது?

ஞாயிற்றுக்கிழமைக்கே திரும்பி வருகிறேன். புலிக் கூண்டருகே அக்கா மகள் அங்கிருந்த ஊழியரிடம் கேட்டாள், "புலி என்ன சாப்பிடும்?" அவர் பொறுமையாக, "மாட்டுக்கறி பாப்பா, எலும்போட. வாரத்துல ஒரு நாள் மட்டும் ஒண்ணும் கிடையாது. காட்டுல தினமுமா வேட்டை கிடைக்கும்?" என்றார். அவள் அடுத்த கேள்விக்கு வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற ஒரு அம்மா பொரிந்துவிட்டார். குழந்தைகள் முன்னால் கறி, எலும்பு என்று பேசலாமா, ஒரு நாள் பட்டினி போடுவது பாவமில்லையா என்று. அவருடைய பையன் அந்த நேரத்தில் காலி ஜூஸ் டப்பாவை அகழிக்குள் எறிந்தான். அதை அவர் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

இவ்வளவும் மண்டைக்குள் கொதித்துக்கொண்டிருந்ததால், சித்தப்பாவின் படத்துக்குக் கீழே கிளிவோன் கதையைப் பொறுமையாக முழுதும் தட்டச்சு செய்து போட்டேன். சித்தப்பா கட்டைவிரல் போட்டார். ஐந்து நிமிஷம் கழித்து அவரே இன்னொரு படம் போட்டார். போன மாதம் குடும்பத்தோடு மிருகக்காட்சி சாலைக்குப் போனபோது எடுத்ததாம். வேலிக்குள் கையை நீட்டிப் புள்ளிமானுக்கு கிரீம் பிஸ்கட் ஊட்டுகிறார். கீழே 'ஜீவகாருண்யம்' என்று எழுதியிருக்கிறார்.

பதினோரு பேர் இதயம் போட்டிருக்கிறார்கள். மான் விரும்பிச் சாப்பிட்டதா என்று அத்தை கேட்டிருக்கிறார்.