மெட்டா கீவேர்ட்ஸ் பற்றி ஒரு திருத்தம்
சிறு கடைக்காரர்கள் தங்கள் தளத்தில் என்னதான் எழுதினாலும், மெட்டா கீவேர்ட்ஸ் பட்டியலை (பக்கத்தைப் பார்ப்பவர்களுக்குத் தெரியாமல், அதன் நிரலுக்குள் எழுதும் தேடல் சொற்களை) நிரப்பினால்தான் கூகுளில் மேலே வரும் என்று இங்கே ஒருவர் சொல்லியிருக்கிறார். மன்னிக்கணும், அது சரியில்லை. தேடல் வரிசைக்கு அந்தப் பட்டியலைப் பார்ப்பதே இல்லை என்று கூகுளே 2009 செப்டம்பரில் தெளிவாக அறிவித்துவிட்டது. நீங்களே சரிபார்க்கலாம்: தளம் நடத்துபவர்களுக்கான கூகுளின் உதவித் தளமான சர்ச் சென்ட்ரலில், அவர்கள் ஏற்கும் மெட்டா டேக்குகளின் (நிரலில் எழுதும் இப்படிப்பட்ட குறிப்புகளின்) பட்டியல் இருக்கிறது, அதில் கீவேர்ட்ஸ் கிடையாது. இதற்கென்று யாராவது பணம் கேட்டால் தயவுசெய்து கொடுக்காதீர்கள். அதற்குப் பதிலாக, வாடிக்கையாளர்கள் கேட்கும் கேள்விகளுக்கே தளத்தில் பதில் எழுதுங்கள். உதாரணத்துக்கு, நீங்கள் செக்கு எண்ணெய் விற்பவர் என்றால், தேங்காய் எண்ணெய் மார்கழியில் ஏன் உறைகிறது என்று கடையில் கேட்கிறார்களே, அதையே தலைப்பாக வைத்து, சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறைவது இயல்புதான் என்று விளக்கி எழுதுங்கள், தேடுபவர்களும் ஏறக்குறைய அதே சொற்களைத்தான் தட்டுகிறார்கள்.